மீனின் பூ

நமது தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, புலம்பெயர்ந்த மண்ணில் தாய்மொழிக் கல்வியின் அவசியம் பற்றி எழுதித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டேன். அதே பொருளில் முன்னைய மூன்று மலர்களிலும் நான் எழுதியிருப்பதை அக்குழுவிலுள்ள அம்மையார் ஒருவர் நயமாக நினைவூட்டினார். ஆகவே இம்முறை ஒரு மீனைப் பற்றி எழுதுகின்றேன். இதனையாவது மாணவர்கள் இறுதிவரை படிப்பார்கள் என நம்புகின்றேன்.

என்னைப் பற்றியும் சிறிது கூறவேண்டியுள்ளது. கிளிநொச்சியில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவன் நான். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் பாடசாலை இடம்பெயர்ந்தது, பின்னர் மரநிழலில் நடந்தது, பின்னர் நடக்கவேயில்லை. 2010 ஓகஸ்ட் 13ஆம் நாள் 'சன் சீ' என்னும் கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை வந்தடைந்த 492 பேரில் நானும் ஒருவன். இப்பொழுது கிழமை நாட்களில் வெதுப்பகமொன்றில் இரவு வேலை. சனிக்கிழமை காலையில் உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வெண்கட்டியுடன் நிற்கின்றேன். இங்கு நான் கற்பிப்பது தமிழ். விஞ்ஞானத்தில் என்னிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஒரேயொருவன் கேட்டான்.

2019 ஜனவரி 26, சனிக்கிழமை. இடைவேளையில் நான்காம் வகுப்பு மாணவனொருவன் என் மேசையருகே வந்து நின்றான். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை. கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நிலத்தைப் பார்ப்பவன்.

"சேர், நீங்கள் ஊரிலை சயன்ஸ் படிப்பிச்சனீங்களாமே, அம்மம்மா சொன்னவ. என்ரை ஒஸ்காருக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு."

ஒஸ்கார் என்பது அவனுடைய நண்பன் பெயரென்று எண்ணித் திடுக்கிட்டேன். அது ஒரு மீன். தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப்படுகைக்குரியது. கரிய உடலில் தீக்கங்கு போன்ற செம்மஞ்சட் கோலமும் வாலடியில் கண் போன்றதொரு புள்ளியும் கொண்டது. முழங்கை நீளத்துக்கு வளரும். நம் இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தன் கையிலிருந்து இரை வாங்கும், தான் பள்ளியால் வந்தால் கண்ணாடிக்கு ஓடி வரும் என்றெல்லாம் அவன் கூறினான். அன்று அவன் என்னோடு கதைத்த அளவுக்கு அதுவரை அவ்வாண்டு முழுவதும் கதைத்ததில்லை.

அந்த இடத்தில் நின்றபடியே நோயைத் தீர்மானித்துவிட்டேன்! மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றது; ஆகவே நீரில் காற்றுப் போதாது. பனிக்காலத்தில் நம் தொடர்மாடிகளில் வெப்பமூட்டிகள் கொதிக்கின்றன. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும். 25 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஒட்சிசனே கரைந்திருக்க முடியும். நாம் சுவாசிக்கும் காற்றிலோ லீற்றருக்கு 270 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. மீன் எவ்வளவு வறிய உலகில் மூச்சு விடுகின்றது என்பதை இக்கணக்கு காட்டும். இதையெல்லாம் அவனுக்குக் கூறி, இன்னுமொரு காற்றுப்பம்பி வாங்கிப் பூட்டும்படியும் வெப்பத்தை இரண்டு பாகை குறைக்கும்படியும் பணித்தேன்.

அவ்வளவு உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் யோசித்தேன். கப்பலின் கீழ்த்தட்டில் பல வாரங்கள் இருந்தவன் நான். காற்றுக்காக முறை வைத்து மேலே ஏறி, முகத்தை வானத்துக்குக் காட்டி வாயால் மூச்சு வாங்கிவிட்டு மற்றவருக்கு இடம் விட்டு இறங்குவோம். மேலே வந்து வாய் திறக்கும் எவ்வுயிரைக் கண்டாலும், அதற்குக் காற்றில்லை என்றே என் மனம் முடிவு கட்டிவிடும்.

அன்றிரவு அவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பம்பி பூட்டியாயிற்று, தொட்டியெங்கும் குமிழி, மீன் அப்படியே இருந்தது. "அதன் பூமூடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் அசைகின்றது என எண்ணு" என்றேன்.

"பூமூடி எண்டால் என்ன சேர்?"

ஆங்கிலத்தில் 'கில்' எனப்படுவதற்கு ஈழத்தில் 'பூ' என்று பெயர். தமிழகத்துப் பெற்றோர் 'செவுள்' என்பர். அதை மூடியிருக்கும் தகடு பூமூடி. "மீனுக்குப் பூவோ?" என்று அவன் சிரித்தது கேட்டது. பின்னர் தமிழில் எண்ணத் தொடங்கினான். அறுபதைத் தாண்டியதும் இலக்கங்கள் தடுமாறின, நான் திருத்தவில்லை. 96 என்றான். காலையில் முதல் வேலையாக வருகின்றேன் என்று கூறி வைத்தேன்.

ஞாயிறு காலை லோறன்ஸ் கிழக்குப் பேருந்தில் ஏறி, பார்மசி வீதியருகே இறங்கினேன். வெக்ஸ்போர்ட்டில் வாழ்வோருக்கு அந்தப் பகுதி நன்கு தெரியும். ஒரு புறம் அரபு இனிப்புக் கடை, மறு புறம் நம்மவர் மளிகை. ஒன்பதாம் மாடியில் அவர்கள் வீடு. தந்தையார் வேலைக்குச் சென்றிருந்தார். தாயார் தேநீர் தந்தார். தொட்டி 75 கலன், அதாவது 284 லீற்றர்; நான் எண்ணியிருந்ததிலும் பெரிது. நீரோ பளிங்கு போலத் தெளிந்திருந்தது. வெப்பமானி 25 பாகை காட்டியது. குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அந்தப் பெரிய மீன் தலையை உயர்த்தி, பூமூடிகளை அகல விரித்து விரித்து இரைத்தது.

காற்றில்லாமையால் இரைக்கும் மீன் குமிழி கண்டால் தேறும். இது தேறவில்லை. ஆகவே முதலாவது தீர்மானம் பிழை. (ஒஸ்கார் மீன் மிகக் குறைந்த ஒட்சிசனையும் தாங்கவல்லது என்பதை நான் பின்னர்தான் படித்தறிந்தேன். வெள்ளம் வடிந்த அமேசன் குட்டைகளில் வாழ்ந்த மரபல்லவா!) உடலை ஆராய்ந்தேன். வெண்புள்ளி இல்லை, சளிப்படலம் இல்லை, கல்லில் உரசவில்லை. ஒட்டுண்ணிக்குரிய குறிகள் எவையும் இல்லை. ஒரு பூமூடி மட்டும் அசைந்து மற்றையது மூடியிருந்தால் அந்தப் பக்கத்துப் பூவில் ஏதோ சிக்கியிருக்கின்றது எனலாம். இங்கு இரண்டும் ஒன்றுபோல் அசைந்தன. அடுத்து என்ன பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். மாணவனொருவன் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆசிரியன் அப்படி நிற்பது எவ்வளவு நெடிய நேரம் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

அப்போதுதான் குசினியிலிருந்து அவன் அம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோண்டாவிலில் பிறந்து, திருநெல்வேலிச் சந்தையில் நாற்பது வருடம் மீன் வாங்கியவர். பேரன் பிடித்திருந்த மின்சூள் வெளிச்சத்தில், மீன் பூமூடியை விரித்த கணத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்ரர், இது ரெண்டு நாள் கிடந்த மீன்ரை பூவெல்லோ! சந்தையிலை எண்டால் நான் தொடவும் மாட்டன்."

நானும் குனிந்து பார்த்தேன். செம்பருத்தி போல இருக்கவேண்டிய பூ, பால் விடாத கோப்பி நிறத்தில் இருந்தது. உயிரோடிருக்கும் மீனின் பூ.

அந்நிறத்தை நான் கண்ணால் முன்பு கண்டதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பற்றிய பாடம் அது. நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றது. மேலே இட்ட உரமும் மலக்குழிக் கழிவும் மழையோடு இறங்கி எளிதாக நிலத்தடி நீரை அடையும். 1970களில் இறக்குமதித் தடை காரணமாக வெங்காயமும் மிளகாயும் பெருவிலை பெற்றன. தோட்டங்களுக்கு உரம் மூட்டை மூட்டையாகப் போயிற்று. வலிகாமப் பகுதியில் தோட்டங்களை அண்டிய பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டு எழுதினர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. பெரியவர்களுக்கு அதனால் உடனடித் தீங்கு தோன்றாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் வயிற்றிலோ நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறிக் குருதியிற் சேரும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த சிசுக்கள் நீலம் பாரித்ததை முதன்முதலில் இவ்வாறு விளக்கினார்.

மாணவர்களே, 'ரே', 'ரை' என்ற எழுத்துகளைக் கவனியுங்கள். நைத்திரேற்று வேறு, நைத்திரைற்று வேறு. கிளிநொச்சியில் இவ்வெழுத்தைப் பிழைவிட்டவர்களுக்கு நான் ஒரு புள்ளி குறைப்பதுண்டு. கொடிய வாத்தியார் என்று பெயரும் எடுத்தேன். குருதியிலுள்ள ஈமோகுளோபினின் நடுவே இரும்பு இருக்கின்றது. அதுவே ஒட்சிசனைப் பற்றிச் சுமப்பது. நைத்திரைற்று அவ்விரும்பைப் பெரசு நிலையிலிருந்து பெரிக்கு நிலைக்கு மாற்றிவிடும். மாறிய இரும்பு ஒட்சிசனைப் பற்றாது. குருதியும் சிவப்பு மாறிக் கபில நிறமாகும். அப்பால் எத்தனை காற்றுப்பம்பி பூட்டினாலென்ன? வாசல் வரை வந்த ஒட்சிசனைச் சுமந்து செல்ல ஆளில்லை. குமிழிகளின் நடுவே அம்மீன் மூச்சுத்திணறியது இவ்வாறே.

தாயார் தொலைபேசியில் கூற, தந்தையார் வேலையால் வரும் வழியில் நீர் சோதிக்கும் மருந்துப் பெட்டியொன்றை வாங்கி வந்தார். சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்து ஐந்து துளி விட்டதும் வெளிர் நீலமாக நிற்கவேண்டியது நாவற்பழ நிறமாயிற்று. அட்டையில் இருந்த கடைசி நிறம் அது. மகன் அட்டையைப் பார்த்து "நைத்திரேற்று" என்று வாசித்தான். "ரையா, ரேயா?" என்று கேட்டேன். மறுபடி உற்றுப் பார்த்து, "ரை" என்றான்.

இனி அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. தொட்டியில் ஏதேனும் மாற்றினீர்களா என்று மூன்று முறை கேட்டேன். இல்லை என்றே மூவரும் கூறினர். அம்மம்மாதான் சற்றுத் தயங்கி, "பொங்கலுக்கு எல்லாத்தையும் கழுவினனான்" என்றார்.

நம் வீடுகளில் பொங்கலுக்கு முன் நடப்பது உங்களுக்குத் தெரியும். அவ்வாண்டு பொங்கல் ஜனவரி 15. அதற்கு மூன்று நாள் முன்னதாக, மருமகன் புதுநீருக்குரிய மருந்தை அளந்து கொடுத்துவிட்டுப் போக, இவர் தொட்டியின் கல்லையெல்லாம் அள்ளிச் சுடுநீரில் அலசி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் பிடித்து, அழுக்கு முற்றாகப் போகும்வரை பிழிந்து கழுவியிருக்கின்றார். அந்த அழுக்கிலேதான் மீனின் உயிர் இருந்தது. மீன் தன் பூவினால் அமோனியாவைக் கழிக்கும். பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை நைத்திரைற்றை அவ்வளவு தீங்கற்ற நைத்திரேற்றாக மாற்றும். கழுவியபோது இரண்டும் போயின. மீண்டும் குடியேறுகையில் முதலாவது வகை முந்திக்கொள்ளும். இரண்டாவது பிந்தி வரும். அந்த இடைவெளியில் நைத்திரைற்று மலைபோற் குவியும். பொங்கலுக்குக் கழுவியதன் பலன் இரண்டு வாரம் கழித்து வந்ததால் எவரும் அதனைத் தொடர்புபடுத்தவில்லை.

நம் ஊர்க் கிணற்று நீரில் கழுவியிருந்தால் இவ்வளவு நடந்திராது. ரொறன்ரோவின் குழாய் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கப்பட்டுக் கிருமி நீக்கப்படுவது. நெடிய குழாய்களில் மறுபடி கிருமி வளராதிருக்கக் குளோரினுடன் அமோனியா சேர்த்துக் குளோரமீனாக்கி அனுப்புகின்றனர். நமக்கு அது குடிக்கத் தகுந்தது. பற்றீரியாவுக்கு அது நஞ்சு; பூவின் வழியே நேரே குருதியை அடைவதால் மீனுக்கும் நஞ்சு. குருதி சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளருக்கும் குளோரமீனை நீக்கிய நீரையே பயன்படுத்துவர். வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் போய்விடும் என்று நம்மவர் சிலர் கூறுவது குளோரினுக்குப் பொருந்தும். குளோரமீன் அப்படிப் போகாது. அதற்குரிய மருந்து இட்டே நீக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். நெடுங்காலத்துக்குப் பின் ஒரு விஞ்ஞானப் பாடம்! யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும் நீலம் பாரித்த சிசுக்களையும் அதே உற்சாகத்தோடு சொல்லிவிட்டேன். அம்மம்மா கதிரையில் அமர்ந்தார்.

"அது எத்தினை மாசப் பிள்ளையளுக்கு மாஸ்ரர்?"

"ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு."

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் கூறினார்: 1976இல் அவருக்கு முதற் குழந்தை பிறந்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றியதால் புட்டிப்பால். மூன்றாம் மாதத்தில் உதடும் நகமும் கறுத்தன. கருங்கிரந்தி என்று எண்ணெய் வைத்தார்கள். ஆசுபத்திரிக்குக் கொண்டு போகுமுன்...

"தோட்டக் கிணறுதான். ஆனால் நான் நல்லாய்க் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே குடுத்தனான்."

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது, நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடும். இதை நான் அறிவேன். அவருடைய கண் என் முகத்திலேயே இருந்தது. அக்காலத்தில் சிசுக்களுக்குப் பல நோய்கள் வந்தன, இதய வால்வில் குறையிருந்தாலும் உடல் நீலமாகும், இன்று எவராலும் உறுதியாகக் கூறமுடியாது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கொதிநீரைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அவர் தலையசைத்தார். விளங்கிக்கொண்டாரோ என்னவோ.

(இக்கட்டுரையில் இதனை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ, இஞ்சை இருக்கிற பிள்ளையள் எங்கடை கிணறுகளைப் பற்றியும் அறியட்டும்" என்றார். கொதிநீர் பற்றியும் அன்றே சொன்னேன். "அது எனக்கு அண்டைக்கே தெரியும் மாஸ்ரர், உங்கடை முகத்திலை இருந்தது" என்றார்.)

மீனுக்கு வருகின்றேன். தொட்டியின் பாதி நீரை இறைத்து, மருந்திட்டு வெப்பம் சமன் செய்த புதுநீரை ஊற்றினோம். பின்னர் சாதாரண உப்பு, லீற்றருக்கு அரைக் கிராம் வீதம் 140 கிராம் நிறுத்துக் கரைத்தோம். உப்பிலுள்ள குளோரைட்டும் நைத்திரைற்றும் மீனின் பூவில் ஒரே வாசலால் நுழைபவை. குளோரைட்டு மிகுந்து நெருக்கினால் நைத்திரைற்றுக்கு வழி கிடைக்காது. நான்கு நாட்களுக்கு இரை இல்லை; உணவு குறைந்தால் அமோனியாவும் குறையும். இரை நிறுத்தியதை மாணவன் ஏற்க வைப்பதே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

பற்றீரியாவுக்கு எங்கே போவது? பையனுக்கு முடிவெட்டும் கடையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. 2016இல் சிரியாவிலிருந்து வந்த ஒருவருடைய கடை. அங்கே சென்று, உங்கள் வடிகட்டியிலுள்ள அழுக்கில் சிறிது தாருங்கள் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் ஆங்கிலமும் என்னுடையதைப் போன்றதே. பையன் இடையில் நின்று விளக்கினான். கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தபடி பழைய பஞ்சு ஒன்றைத் தொட்டி நீரோடு பையிலிட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்தார். அழுக்குக்கு என்ன விலை!

திங்களன்று ரொறன்ரோவில் பெரும்பனி கொட்டியது. என் வேலையும் அவன் பள்ளியும் எப்படியோ கழிந்தன. இரவு அவனே தொலைபேசி எடுத்தான்: 81. செவ்வாய் மீண்டும் மூன்றிலொரு பங்கு நீர் மாற்றினார்கள், 70. வியாழன் 58. சனிக்கிழமை பள்ளிக்கு வந்தவன் கொப்பியொன்றைக் கொண்டுவந்தான். நாளும் நேரமும் எண்ணிக்கையும் தமிழில் எழுதியிருந்தன. கடைசி வரியில், 'பூ இப்ப சிவப்பு' என்று. 'இப்ப' என்பதைச் சிவப்பு மையால் திருத்தப் போய்ப் பேனாவை மூடிவிட்டேன்.

அவன் இப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். சனிக்கிழமைகளில் சிறு வகுப்பில் எனக்கு உதவியாக நிற்பவனை நீங்கள் கண்டிருப்பீர்கள். மீன் இன்னும் இருக்கின்றது. மாதமொருமுறை தொட்டி நீரையே வாளியில் எடுத்து, அதற்குள் பஞ்சை இரண்டு தரம் அமிழ்த்தி எடுக்கின்றான். அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டிருந்து, "நல்லாய்ப் பிழியாதை, நல்லாய்ப் பிழியாதை" என்று சொல்லிக்கொண்டேயிருப்பாராம்.